தாணுமூர்த்தி சாருக்குப் பிடிச்சது

ஜன்னலோரம் நீங்களே இருந்துக்கிடுங்க அண்ணாச்சி, எனக்குக் காத்து ஆகாது. திருநெல்வேலி வரைக்கும்தானே? நானும் அங்கதான். கம்ப்யூட்டர் உத்தியோகம்னு போன்ல பேசினியளே, காதுல விழுந்துச்சு. அப்ப உங்ககிட்டதான் சொல்லணும். கம்ப்யூட்டர் தெரியாதவன்கிட்ட சொன்னா, 'பூ, இதுக்குத்தானா ஒரு மாசம் அலைஞ்சீரு'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருதான்.

சங்கரன்கோவில்ல பத்திர ஆபீஸுக்கு எதிர்த்தாப்ல டைப்பிங் கடை வச்சிருக்கேன். கோமதிநாயகம் கடைன்னு கேட்டா யாரும் கையைக் காட்டுவாவ. மனு, பத்திர நகல், கல்யாணத்துக்கு ஜாதக விவரம், கோவில் கொடை நோட்டீஸ், எல்லாம் அடிச்சுக் குடுப்பேன். ஆனி மாசக் கடைசியில என் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டுருச்சு. ஆடி பொறந்தா கொடை நோட்டீஸ் அடிக்க ஊரு ஊரா ஆளு வருவாவ. அவசரத்துக்கு ஒரு செகண்ட்ஹேண்ட் வாங்கினேன். கழுகுமலை ரோட்டுல ஒரு வீட்டுல இருந்து வந்ததாம், பொத்திப் பொத்தி வச்சிருந்ததாம். பாத்தா அப்படித்தான் இருந்துச்சு. கீபோர்டுக்குப் பூப்போட்ட துணியில உறை தச்சுப் போட்டிருக்கு அண்ணாச்சி!

கடைக்குக் கொண்டாந்து, சாம்பிராணி காட்டி, போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, ஜம்முனு எந்திரிச்சுது. ரெண்டு பேரு படம் காட்டுச்சு. ஒண்ணு கெஸ்ட், விருந்தாளின்னு. இன்னொண்ணு தாணுமூர்த்தி. தாணுமூர்த்தியை அமுக்கினா பாஸ்வேர்டு கேக்கு. விருந்தாளியை அமுக்கினா உள்ள விட்டுச்சு. சரி, எந்த வழியா போனா என்ன, உள்ள போயாச்சேன்னு நினைச்சேன். பிரிண்டரை மாட்டினேன். உடனே ஒரு பெட்டி வந்து நிக்கி. 'அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு குடு. தாணுமூர்த்தி.' தமிழ் எழுத்தை ஏத்தப் பாத்தேன். திரும்பவும் அந்தப் பெட்டி. தாணுமூர்த்தி. கடை என்னுது, கரண்டு என்னுது, கம்ப்யூட்டர் என்னுது. ஆனா ஒரு ஆணி அடிக்கணும்னா தாணுமூர்த்திகிட்ட உத்தரவு வாங்கணும். எனக்கு வந்த கோவம் இருக்கே!

அந்தத் தாணுமூர்த்தி யாருன்னு விசாரிச்சுக்கிட்டு கழுகுமலை ரோட்டுக்குப் போனேன். சர்வேயரா இருந்து ரிட்டயரான மனுஷன். போன மாசிக்குத் தவறிட்டாராம். வீட்டம்மா மட்டும் இருந்தாவ. இந்திராணி அக்கா. நல்ல சிவப்பு, நெத்தி நிறைய திருநீறு, அறுபத்தஞ்சு வயசு இருக்கும். விஷயத்தைச் சொன்னேன்.

"பாஸ்வேர்டா? அவிய எதையும் என்கிட்ட மறைச்சதில்ல தம்பி. ஆனா இதைக் கேட்டுக்கிடலையே"ன்னாவ.

"தப்பாப் போட்டா அடியில ஒரு வரி வருதுக்கா. சார் ஞாபகத்துக்கு எழுதி வச்சதுபோல. 'எனக்குப் பிடிச்சது'ன்னு இங்கிலீஷ் எழுத்துல இருக்கு."

அக்கா முகத்துல ஒரு பூரிப்பு வந்துச்சு பாருங்க. "அவியளுக்குப் பிடிச்சதா? அதை நான் சொல்லிருவேனே. முப்பத்தாறு வருஷம் பொங்கிப் போட்டிருக்கேன்"னு சொல்லிக்கிட்டே சேலையை மாத்தப் போயிட்டாவ. மறுப்பு சொல்ல முடியுமா? கையோட கூட்டிட்டு வந்தேன்.

முதல்ல அக்கா தன் பேரைத்தான் போடச் சொன்னாவ. கூச்சப்பட்டுக்கிட்டேதான். போட்டேன். இல்லைன்னுட்டு. ஐயை ஈயாக்கிப் போட்டேன், கடைசியில ஒரு ஒய் சேத்துப் போட்டேன், பிறந்த வருஷத்தைக் கூட ஒட்டிப் போட்டேன். இல்ல. அக்கா முகம் தொங்கிப்போச்சு. பாக்க எனக்கே ஒருமாதிரி ஆயிட்டு. "அக்கா, பிடிச்சதுன்னா ஆம்பளைக்கு சாப்பாட்டைத் தவிர என்னக்கா இருக்கு? அதைச் சொல்லுங்க"ன்னேன். ஒரு ஆறுதலுக்குத்தான் சொன்னேன் அண்ணாச்சி. வேற எண்ணம் எதுவும் எனக்குக் கிடையாது.

"சொதி!"ன்னாவ அக்கா.

சொதியை இங்கிலீஷ்ல எப்படி எழுதுவிய? எஸ் ஓ டி எச் ஐயா, எஸ் ஓ டி ஐயா, நடுவுல எச் முன்னயா பின்னயா? ஒத்தைச் சொதிக்கு ஒன்பது தடவை தட்டினேன். இல்ல. "நாளைக்கு வாரேன் தம்பி, யோசிச்சுட்டு வாரேன்"னு கிளம்பிட்டாவ.

மறுநாள் பதினொண்ணரைக்கு அக்கா வந்தாவ. கையில தூக்குச்சட்டி. "கூட்டாஞ்சோறாத்தான் இருக்கணும் தம்பி. ராத்திரி பூரா யோசிச்சேன். பொங்கும்போது அவிய முகம் எப்படி இருக்கும்னு ஞாபகம் வரட்டும்னுதான் பொங்கியே பாத்தேன். நீங்க ரெண்டு வாய் சாப்பிடுங்க, நான் ஒத்தையாளு என்ன செய்ய"ன்னாவ. முருங்கைக்கீரை போட்டு, மாங்காய் போட்டு, மேல கூழ்வத்தல் நொறுக்கி... அண்ணாச்சி, அந்தக் கூட்டாஞ்சோறைச் சாப்பிட்ட பிறகு நான் தட்டினேன் பாருங்க பாஸ்வேர்டு, பதினாலு விதமாத் தட்டினேன். ஒரு மனுஷி இவ்வளவு தூரம் மெனக்கெட்டு வந்திருக்காவ, நாம கொஞ்சம் விரலை அசைக்கக்கூடாதா? திறக்கலை.

அதுக்கு மறுநாள் வாழைக்காய்ப் புட்டு. இசட் போடுவாவளா எல் போடுவாவளான்னு எங்களுக்குள்ள ஒரு விவாதமே நடந்துச்சு. 'சார் வரைபடத்துல கீழப்பாவூர்னு எழுதும்போது என்ன போடுவாரு?'ன்னு கேட்டேன். அக்காவுக்குத் தெரியலை. ரெண்டும் போட்டோம். அதுக்கு மறுநாள் தடியங்காய்க் கூட்டு. அப்புறம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். சோத்துக்கு எச் வேணுமா வேண்டாமா, துவையலுக்கு வி-யா டபுள்யூ-வா.

இடையில கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்குற ஜெயசீலின்னு ஒரு பிள்ளை, ராஜபாளையத்துல இருந்து வந்துச்சு. பாத்துட்டு, "அண்ணே, ஒரு சிடி போட்டா பத்து நிமிஷத்துல பாஸ்வேர்டை அழிச்சிரலாம். உள்ள இருக்கறது எதுவும் போகாது. அழிக்கட்டா?"ன்னுது.

அக்கா என்னைப் பாத்தாவ. "தம்பி, அழிச்சிட்டா அது என்னன்னு தெரியாமலே போயிருமே. இன்னும் புளிமிளகாய் போட்டுப் பாக்கலையே. அவியல் இருக்கு. இடிசாம்பார் இருக்கு"ன்னாவ.

இடிசாம்பார்!

"நாலு நாள் கழிச்சு வாம்மா"ன்னு ஜெயசீலியை அனுப்பி வச்சிட்டேன். மனுஷனுக்கு மனுஷன் ஒரு இரக்கம் வேணும்லா? புருஷனை இழந்த பொம்பளை. வியாபாரம் என்ன வியாபாரம். ஊத்துமலைக்காரன் கொடை நோட்டீஸுக்கு வந்தான், பிரிண்டர் ஓடலைன்னதும் பக்கத்துத் தெருக் கடைக்குப் போயிட்டான். பதினெட்டு ஊரு நோட்டீஸ் கைவிட்டுப் போச்சு அண்ணாச்சி. என் இரக்க குணத்தால கெட்டேன்.

இதுல இன்னொரு சங்கடம். எங்க வீட்டுக்காரி ஆவுடை தினமும் மூணடுக்கு டிபன் கேரியர்ல சாப்பாடு குடுத்து விடுவா. அதைச் சாப்பிட வயித்துல இடம் வேணும்லா? அன்னத்தைக் கொட்டுததும் பாவம். பக்கத்துல டெய்லர் அருமைநாயகம் கடை. மதியம் கேரியரை அவன்கிட்ட தள்ளி விட்டுருவேன். அவனும் சாப்பிட்டுக் கழுவி வச்சிருவான். சாயங்காலம் வீட்டுக்குப் போனா ஆவுடை கேப்பா, "என்னங்க, இன்னைக்குப் புளிக்குழம்பு எப்படி?" நான் "பிரமாதம்"பேன். "மொச்சை வெந்திருந்துச்சா?" "பஞ்சு மாதிரி." பாவம், பொம்பளை மனசு கோணக்கூடாதுல்லா.

இப்படியே இருபத்திரெண்டு நாள். எனக்கு வேட்டி இடுப்புல ரெண்டு விரல் குறைஞ்சு போச்சு. ஆனா அக்காதான் நாளுக்கு நாள் வாடிக்கிட்டே போனாவ. முதல்ல வரும்போது "இதுதான்!"னு வருவாவ. அப்புறம் "இதாத்தான் இருக்கணும்"னு வந்தாவ. பிறகு "இதாவது இருக்குமா தம்பி?"ன்னு ஆயிட்டு. ஒருநாள் தட்டி முடிச்சு, இல்லைன்னு வந்ததும், அந்த மானிட்டரையே பாத்துக்கிட்டு இருந்தாவ. "எதை வச்சாலும் 'நல்லாருக்கு'ம்பாவ தம்பி. சொதிக்கும் நல்லாருக்கு, வெறும் ரசத்துக்கும் நல்லாருக்கு. ஒரே மாதிரிதான் சொல்லுவாவ. அப்ப எனக்கு அது தெரியலை"ன்னாவ. "இன்னும் கொஞ்சம் சாம்பார் இருக்காக்கா?"ன்னு கேட்டேன், பேச்சை மாத்த.

இருபத்திமூணாவது நாள் புளிமிளகாய். அக்கா ஸ்டூல்ல இருக்காவ. நான் சாப்பிட உக்காரப் போறேன். அந்த நேரம் பாத்து மீரான் பாய் உள்ள வாராரு. தபாலாபீஸ் பக்கம் சாயங்காலம் தள்ளுவண்டியில பரோட்டா, கறி வறுவல் போடுவாரே, அவருதான். விலைப்பட்டியல் அடிக்கணும்னு வந்தாரு. "பிரிண்டர் ஓடாது பாய், இந்தத் தாணுமூர்த்தி உத்தரவு குடுத்தாத்தான் ஓடும்"னு திரையைக் காட்டினேன்.

"தாணுமூர்த்தியா? நம்ம சர்வேயர் சாரா? அல்லா! தங்கமான மனுஷனாச்சே. வியாழக்கிழமை தவறாம வண்டிக்கு வருவாங்களே"ன்னாரு.

எனக்குத் திக்குனு ஆயிட்டு. அது சுத்த சைவ வீடு அண்ணாச்சி. முட்டை ஏறாது அந்த வாசப்படி. நான் கண்ணைக் காட்டுதேன், புருவத்தைக் காட்டுதேன், பாய்க்குப் புரியலை. எனக்குக் கண்ணுல தூசின்னு நினைச்சுக்கிட்டு துண்டை நீட்டுதாரு.

அக்கா கேட்டாவ. "வண்டிக்கா? எதுக்கு?"

"சாருக்குச் சுவரொட்டின்னா உசுருல்லாம்மா."

அக்கா என்னைப் பாத்தாவ. "சுவரொட்டியா? போஸ்டரா? அவிய எந்தக் கட்சியிலயும் கிடையாதே தம்பி!"

ஆண்டவன் குடுத்த வாய்ப்புன்னு நானும் "ஆமாக்கா, போஸ்டர்தான், சாருக்குப் படிக்கிறதுல ஆர்வம்"னு சொல்ல வாயெடுத்தேன். பாய் முந்திக்கிட்டாரு. "போஸ்டர் இல்லம்மா. ஆட்டு மண்ணீரல். மிளகு தூக்கலாப் போட்டு வறுக்கிறது. ரத்தம் ஊறும்."



அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு, கீபோர்டைத் தன் பக்கம் திருப்பினாவ. "எப்படி எழுதணும்?"னாவ. நான் எழுத்துச் சொன்னேன். ஒத்தை விரலால தேடித் தேடித் தட்டினாவ. இல்லைன்னு வந்துச்சு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. "பாத்தியளாக்கா, பாய் ஆளை மாத்திச் சொல்லுதாரு"ன்னேன்.

பாய்க்கு ரோஷம் வந்துட்டு. "நான் ஏன் மாத்திச் சொல்லுதேன்? பஞ்சாலைக்கு வந்த வடக்கத்திப் பயலுவளுக்குப் புரியணும்னு வண்டியில இங்கிலீஷ் போர்டு எழுதிக் குடுத்ததே சாருதான். வி போடாதீங்க, டபுள்யூ போடுங்க. சார் டபுள்யூதான் போட்டிருக்காங்க."

அக்கா டபுள்யூ போட்டு அடிச்சாவ. என்டரை அமுக்கினாவ.

திறந்துட்டு அண்ணாச்சி.

'வெல்கம்'னு வந்து, நீலமா விரிஞ்சுது. இருபத்திமூணு நாள் தவம். நான் கையைத் தட்டப் போனவன், அக்கா முகத்தைப் பாத்துட்டுக் கையை இறக்கிட்டேன். உள்ள ரெண்டு வயல் வரைபடமும் ஒரு ஏகாதசி பட்டியலும்தான் இருந்துச்சு. அக்கா அதைப் பாக்கவே இல்ல. பாயைப் பாத்துக் கேட்டாவ.

"தனியாவா வருவாவ?"

"தனியாத்தாம்மா."

"நிறைய சாப்பிடுவாவளா?"

"ஒரு தட்டு. அதுக்கு மேல கேக்க மாட்டாங்க. சாப்பிட்டு வெத்தலை போட்டு, வாயைக் கொப்பளிச்சு, திரும்பவும் வெத்தலை போட்டுத்தான் கிளம்புவாங்க."

"உக்காந்தா, நின்னுட்டா?"

"வண்டிக்கடைதானம்மா, உக்கார இடம் ஏது? அந்தப் புளியமரத்துக்குப் பின்னால, இருட்டுல நின்னுட்டே சாப்பிடுவாங்க."

அக்கா எந்திரிச்சாவ. பையை எடுத்தாவ. வாசல் வரைக்கும் போனவிய திரும்பி, "உக்காந்து சாப்பிட்டிருக்கலாம்"னாவ. யார்கிட்ட சொன்னாவன்னு தெரியலை. என்கிட்ட இல்ல, பாய்கிட்டயும் இல்ல. போயிட்டாவ. தூக்குச்சட்டியைக் கூட எடுக்கலை.

புளிமிளகாயை நான் சாப்பிட்டேன். வீணாக்க முடியுமா?

அன்னைக்கு எனக்குத் தாணுமூர்த்தி மேல வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல. பாருங்க அண்ணாச்சி, கட்டின பொண்டாட்டி அடுப்புல வெந்து பொங்கிப் போடுதா. அதை மெச்சுக்கு 'நல்லாருக்கு, நல்லாருக்கு'ன்னு சொல்லிட்டு, வெளிய வேற ஒரு கையால வாங்கித் தின்னுட்டு, வாயைக் கழுவிக்கிட்டு ஒண்ணும் தெரியாதவன் மாதிரி வீட்டுக்குப் போறது! முப்பத்தாறு வருஷம்! எப்படி மனசு வந்துச்சு அந்த மனுஷனுக்கு? நானா இருந்தா அந்த முகத்தைப் பாத்து ஒரு நாள் பொய் சொல்லியிருப்பேனா?

பத்து நாள் கழிச்சு மீரான் பாய் வண்டி பக்கத்துல ஒரு தேக்குப் பெஞ்சு வந்து இறங்குச்சு. நல்ல நீளம், நாலு பேரு உக்காரலாம். இந்திராணி அக்கா வீட்டுல இருந்து மாட்டு வண்டியில ஏத்தி அனுப்பியிருக்காவ. கூட ஒரு சொல்லும் சொல்லி விட்டிருக்காவ, 'வாரவியளை நிக்க வைக்காதீங்க'ன்னு. பாய் கண்ணைத் துடைச்சுக்கிட்டு என்கிட்ட வந்து சொன்னாரு. எனக்கு வருத்தம்தான். இருபத்திமூணு நாள் ஓடாய்த் தேய்ஞ்சு தட்டினவன் நானு. பெஞ்சு அவருக்கு. எனக்கு அந்தத் தூக்குச்சட்டியைத் திருப்பிக் கேட்டு ஆள் விட்டாவ, அவ்வளவுதான். கடைப்பக்கம் அக்கா வரதே இல்ல. நானா ஒருநாள் போயி, "அக்கா, பிரிண்டர் இப்ப நல்லா ஓடுது. ஆனா கம்ப்யூட்டர்ல வேற ஏதாவது பாஸ்வேர்டு இருக்குமோன்னு ஒரு சந்தேகம்"னு இழுத்துப் பாத்தேன். ஒரு டம்ளர் தண்ணி குடுத்து அனுப்பிட்டாவ.

சரி, அதோட முடிஞ்சுதா? இல்லையே. இப்ப நான் பஸ்ஸுல உக்காந்திருக்கதுக்குக் காரணமே வேற.

ஆடித்தபசு முடிஞ்ச ஞாயித்துக்கிழமை ஆவுடையும் நானும் கோவிலுக்குப் போனோம். பிராகாரத்துல டெய்லர் அருமைநாயகம் எதிர்ப்பட்டான். நான் செருப்பு விட்ட இடத்தைப் பாத்துட்டு வரதுக்குள்ள ரெண்டு பேரும் பேசிக்கிட்டு நிக்காவ. தூரத்துல இருந்து பாத்தேன். இவன் கையெடுத்துக் கும்பிடுதான், தன் விரலை மோந்து மோந்து காட்டுதான், வயித்தைத் தடவுதான். ஆவுடை தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டு நிக்கா. என்ன பேசினியன்னு கேட்டேன். "சும்மா, குசலம்"னுட்டா.

திங்கக்கிழமை மத்தியானம் நல்ல பசி. இப்பதான் அக்கா சாப்பாடு கிடையாதே. கேரியரைத் திறந்தேன். முதல் அடுக்கு காலி. ரெண்டாவது காலி. மூணாவதும் காலி. புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவின கேரியர், மூஞ்சி தெரியுது. பாவி, சோறு வைக்க மறந்துட்டா. வெறும் கேரியரைப் பூட்டிக் குடுத்து விட்டிருக்கா. சாயங்காலம் வீட்டுக்குப் போறேன். வாசல்லயே கேக்கா, "என்னங்க, இன்னைக்கு எப்படி?"

மறந்துட்டியேன்னு சொன்னா மனசு உடைஞ்சு போவாளே. "பிரமாதம்"னேன்.

"உப்பு?"

"கனகச்சிதம்."

"அப்ப நாளைக்கும் அதையே வைக்கட்டா?"

"வையி"ன்னேன்.

செவ்வாக்கிழமையும் காலி. புதனும் காலி. தினமும் கேக்கா, நானும் சொல்லுதேன். நேத்து, "கூட்டு எப்படி இருந்துச்சு?"ன்னா. "இதுக்கு முன்னால இப்படி ஒரு கூட்டு நீ வச்சதே இல்ல"ன்னேன். "உண்மைதான்"னுட்டு உள்ள போயிட்டா.

நாப்பத்தொன்பது வயசுதான் அண்ணாச்சி அவளுக்கு. அதுக்குள்ள இப்படி ஒரு மறதி. பாளையங்கோட்டையில மறதிக்குன்னே ஒரு டாக்டர் இருக்காராம். அவளைக் கூட்டிட்டு வரதுக்கு முன்னால நான் ஒருக்கா போயி விவரம் சொல்லி, டோக்கன் போட்டுட்டு வரலாம்னு கிளம்பினேன். அவகிட்ட இன்னும் சொல்லலை. எப்படிச் சொல்ல?

என்ன அண்ணாச்சி, துண்டை வாயில வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டிய? அழுவுதியளா? நல்ல மனசு உங்களுக்கு. அழாதீங்க, சரியாயிரும். மடியில வச்சிருக்கது முறுக்குப் பொட்டலம்தானே? ரெண்டு இங்க தாங்க. காலைப் பலகாரத்தையும் இன்னைக்கு மறந்துட்டா.